'வாரேன்' என்று சொன்னவன்

அத்தியாயம் 9

டெலிபோனை வைத்த பிறகும் ஜெப ஷீலா ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாருக்கா செத்தது?" என்றான் அவள் உதவியாள் செல்லப்பாண்டி.

"யாரும் சாகல. ஏன்?"

"இல்ல, உங்க மூஞ்சியைப் பாத்தா மாலை வாங்கக் கெளம்பணுமோன்னு தோணுச்சு."

கீழ்வீட்டில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு மாடி அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அருப்புக்கோட்டையில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தது அந்த ஒரு இடத்தில்தான். ஷீலாவுக்கு நாற்காலி. பாண்டிக்கு ஜன்னல் விளிம்பு. இன்னொரு நாற்காலி வருகிறவர்களுக்கு.

"மதுரையிலிருந்து டாக்டர் ஆலன் பேசினார். சின்னத்துரை முதுகிலிருந்து சுரண்டி எடுத்த தோல் படையும் சுப்பம்மா கையிலிருந்து எடுத்த படையும் ஒண்ணுதானாம்."

பாண்டி விளிம்பிலிருந்து இறங்கிவிட்டான்.

மாசி மாதத்தில் பரளச்சி இருளப்பசாமி தன் சோளக்காட்டுக் கிணற்றில் பிணமாக மிதந்தார். பின்மண்டையில் காயம். அந்தக் கிணற்றில் பங்குத் தண்ணீருக்காக முதல் நாள் அவரோடு சண்டை போட்டவன் பக்கத்துக் காட்டு வீரணன். போலீஸ் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டது. ஆடி பிறந்த பிறகும் அவன் ஜெயிலில்தான் இருந்தான். அவன் மனைவி சுப்பம்மாள்தான் ஷீலாவைத் தேடி வந்தவள்.

ஷீலாவுக்குச் சந்தேகம் செத்தவரின் தம்பி சின்னத்துரை மேல். ஆனால் அவனைத் தொட முடியவில்லை. சின்ன வயதிலேயே சித்தப்பாவோடு கப்பலேறி, அந்தமானுக்கும் தெற்கே ஒரு குட்டித் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனவன் அவன். தந்தி போய்த்தான் வைகாசியில் வந்து இறங்கினான். ஊர் மண்ணை அன்றைக்குத்தான் மறுபடியும் மிதிப்பதாகச் சொன்னான். கப்பல் டிக்கெட்டும் வைத்திருந்தான். அவன் கணக்குப்படி, அண்ணன் செத்தபோது அவனுக்கும் பரளச்சிக்கும் நடுவில் ஒரு கடலே கிடந்தது.

கடலைத் தாண்டி அவன் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படையும்தான். முதுகெல்லாம் வளையம். வளையத்துக்குள் வளையம், அதற்குள்ளும் வளையம். கல் விழுந்த கண்மாய்த் தண்ணீர் அப்படியே தோலில் உறைந்துபோனது போல இருந்தது. அதே வளையங்கள் சுப்பம்மாளின் கையிலும் இருப்பதைப் பார்த்த அன்றுதான் ஷீலா, தோல் முகாம் என்று சொல்லி டாக்டர் ஆலனைப் பரளச்சிக்கு வரவழைத்தாள்.

"வளையம் ஒண்ணா இருந்தா வம்சமும் ஒண்ணா இருக்கணுமாக்கா?"

"அதைத்தான் டாக்டர் பார்த்திருக்கார். இந்தப் படை ஒரு காளான். ஆலன் அந்தத் தீவுக்கே போய் முகாம் போட்டவர். அங்கே எல்லார் தோலிலும் இருக்கிறது ஒரே தாய் வயித்துக் காளான். எப்பவோ ஒரு தோணியில ஒரு ஆள் தோலில் ஏறிப் போனது. அப்புறம் வெளியாள் போக்குவரத்து அபூர்வம், கலப்பும் இல்ல. தாத்தா முதுகில் இருக்கிறதும் பேத்தி காலில் இருக்கிறதும் அச்சு அசல் ஒண்ணு. நம்ம பக்கத்துப் படை அப்படியில்ல. பெரியார் பஸ் ஸ்டாண்டு மாதிரி. பல ஊர், பல வம்சம்."

"காளானுக்கு வம்சாவளி இருக்கு. எனக்கு எங்க தாத்தா பேருக்கு மேல தெரியாது."

"சுப்பம்மா கையில இருக்கிறது தீவு வம்சம். இந்தச் சீமையில வேற யார்கிட்டயும் இல்லாதது."

பாண்டி தலையைச் சொறிந்தான். "ஆனா சுப்பம்மா பங்குனிப் பொங்கலுக்கே கையில வளையத்தோடதான நின்னுச்சு? முளைப்பாரி எடுக்க விடாம ஊரே தள்ளி வச்சாகளே. அவன் வந்தது வைகாசி."

"அதான் விஷயம். ஆளுக்கு முன்னாலேயே அவன் படை வந்திருக்கு."

"லக்கேஜு முதல்ல, பாசஞ்சர் பின்னால." பாண்டி விசிலடித்தான். "அப்ப அவன் மாசியிலயே ஒருதரம் வந்து போயிருக்கான்!"

"இதை வீரணனைப் பிடிச்ச எஸ்.ஐ. ஜான்ராஜ் எப்படிப் படிப்பார்னு யோசி. இது தொட்டாலோ, தொட்டதைத் தொட்டாலோதான் ஒட்டும்."

பாண்டி யோசித்தான். யோசித்ததை வாய்விட்டும் சொன்னான். "சுப்பம்மாவும் அவனும் கூட்டு. அண்ணனைத் தள்ளிட்டு, பழியைப் புருசன் தலையில போட்டுட்டு..."

சொல்லி முடிக்கும்போதுதான் வாசலைப் பார்த்தான். படியேறி வந்த சுப்பம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் அவள் வந்தது கேட்கவில்லை. அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள் ஷீலா.

"வேணாம்மா. நாற்காலியில ஒட்டிக்கிரும்." சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டாள். "அந்த ஆளு நெழலைக்கூட நான் மிதிச்சதில்ல. என் மகராசன் மேல சத்தியம். எஸ்.ஐ. வார ஞாயித்துக்கிழமை ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காக. இதையும் கேட்டா என்னையும் உள்ள வச்சுருவாக. அப்புறம் அவுகளுக்காகப் பேச வெளிய யாரும்மா இருப்பா?"

"அழாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. மாசியில யார் உங்க கையைத் தொட்டாங்க?"

"யாரு தொடுவா? அவுகளைப் பிடிச்சுட்டுப் போன நாள்லருந்து ஊர்ல ஒருத்தரும் பேசக்கூட இல்ல."

"உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"அக்கி வந்துச்சு. கவலையிலயே கொப்புளிச்சிருச்சு. இந்தக் கையெல்லாம் தீ. நரிக்குடி வேளார்ட்டப் போயி எழுதிக்கிட்டேன்."

ஷீலா முன்னால் சாய்ந்தாள். அக்கி வந்தால் அந்தப் பக்கத்தில் ஊசிக்கு முன்னால் வேளாரைத்தான் தேடுவார்கள். பானை செய்கிற கையால் காவியைக் கரைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை.

"எதால எழுதினார்?"

"கோழி இறகாலதான்."

"புது இறகா?"

கோயில் மணி புதுசா என்று கேட்டது போலச் சுப்பம்மாள் பார்த்தாள். "எல்லாருக்கும் அந்த ஒரே இறகுதாம்மா. கைராசியான இறகு. அதுக்காகத்தான் அம்புட்டுத் தூரத்துலருந்தும் வாராக."

ஷீலா பாண்டியைப் பார்த்தாள். பாண்டி டி.வி.எஸ். சாவியை எடுத்தான்.

*

நரிக்குடியில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஊர்க்கடைசியில் பானை வேகும் சூளை. அதன் மறைவில் சண்முகவேல் வேளார் ஒரு பெரியவரின் இடுப்பில் எழுதிக்கொண்டிருந்தார். வேளாரின் இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கை மட்டும் தடுமாறவில்லை.

பாண்டி குனிந்து பார்த்தான். "வேளாரே, சிங்கம் பால் குடிக்க வந்த மாதிரி இருக்கு."

"அது சிங்கம்னு அக்கிக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சு என்னலே ஆகப்போவுது?"

எழுதிக்கொண்டவர் எழுந்தார். சட்டையை மாட்டினார். ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

"என்ன கோவம் அவருக்கு? பூனைன்னு கண்டுபிடிச்சுட்டாரா?"

யாரும் சிரிக்கவில்லை. ஷீலா தான் யாரென்று சொல்லி, வந்த காரியத்தைக் கேட்டாள்.

"பேரு ஊரு கேக்குற பழக்கமில்ல தாயி" என்றார் வேளார். "ஆனா நீ சொல்றவன் நெனப்பிருக்கு. மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை. தலையோட துண்டைப் போத்தியிருந்தான். போத்தாட்டியும் எனக்கு மொகம் தெரியாது. முதுகைத் தடவுனா மீன் செதில் மாதிரி, வளையம் வளையமா. இது அக்கியில்லய்யா, படைன்னேன். 'பரவால்ல, எழுதுங்க'ன்னான். எழுதிவிட்டேன்."

"சுப்பம்மா எப்ப வந்தாங்க?"

"புருசனை ஜெயில்ல வச்சுட்டாகன்னு அழுதுச்சே, அந்தப் பிள்ளையா? அதுக்கு அடுத்த ஞாயிறு."

"அவன்கிட்ட வேற ஏதாவது விசேஷமா?"

வேளார் கொஞ்சம் தயங்கினார். "போகையில 'வார்ரேன்'னான் தாயி."

"அதுல என்ன?" என்றான் பாண்டி.

"எழவு வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லுவியாலே நீ? இங்கயும் அப்படித்தான். அந்தச் சொல்லைச் சொன்னா அக்கி கூடவே திரும்பி வந்துரும். இப்பப் போனாரே, அவரு கோவத்துலயா போனாரு? பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் ஒருத்தன்தான் சொன்னான். ஏசிவிட்டேன். 'ஏலே, வாயை மூடிக்கிட்டுப் போ, இங்க வந்துட்டு அதைச் சொல்லாதே'ன்னு."

"குரல் நினைவிருக்கா?"

"அந்தச் சொல்லைச் சொன்னா கண்டுபிடிச்சிருவேன். 'வார்ரேன்'னு இழுத்தான். வேத்தூர்க்காரன் மாதிரி."

ஷீலா எழுந்திருக்க வேண்டிய நேரம். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சொல்லாமல் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் வருவார்கள்.

"வேளாரே, அந்தப் படை உங்க இறகு வழியாத்தான் சுப்பம்மாவுக்குப் போயிருக்கு."

வேளார் கையிலிருந்த இறகைத் தடவினார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கூரையில் செருகப் போனார். பிறகு மடியில் வைத்தார். அங்கிருந்தும் எடுத்தார்.

"எத்தனை பேருக்குத் தாயி?"

ஷீலா இறகை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். டாக்டர் ஆலனுக்கு அது வேண்டும். இனி ஒவ்வொருவருக்கும் புது இறகு, எழுதியதும் அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வேளார் தலையை ஆட்டினார். அவர்கள் வண்டியை எடுக்கும்வரை வெறுங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இனி என்னக்கா?"

"சின்னத்துரையை இங்கே கூட்டிட்டு வரணும். எழுதி முடிச்சதும் அவன் 'வார்ரேன்'னு சொல்லணும். வேளார் கேட்கணும். ஜான்ராஜும் கேட்கணும்."

"ஒரு சொல்லுக்காக ஒருத்தன் தூக்குல தொங்கணுமா?"

"ஒரு சண்டைக்காக ஒருத்தன் உள்ளே கிடக்கானே."

*

அடுத்த ஞாயிறு காலையில் அவர்கள் பரளச்சிக்குப் போனபோது சின்னத்துரை ஆட்டுக்குட்டிகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான். கெட்டியான உடம்பு, பணிவான பேச்சு. செத்த அண்ணன் வீட்டில் தனியாக இருந்தான். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமே நின்று ஒரு தூக்குவாளியை நீளக் கம்பால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். ஷீலா அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"நரிக்குடியில ஒரு வேளார் இருக்கார். அக்கி எழுதுவார். உங்க முதுகுக்கும் கேட்கலாம்" என்றாள்.

"அக்கியா? அப்படின்னா என்னங்க?" அவன் சிரித்தான். "எங்க தீவுல அதெல்லாம் கெடையாதுங்க."

"வந்து பாருங்களேன். கண் தெரியாத பெரியவர். ஆனா கைராசிக்காரர்."

கண் தெரியாதவர் என்றதும் அவன் முகம் கொஞ்சம் இளகியது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். வேலிக்குப் பின்னால் நின்றவளிடம் "வார்ரேன்க்கா" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டியின் நெற்றியைத் தட்டி அதனிடமும் "வார்ரேன்" என்றான். டீக்கடையிலும் சொன்னான்.

"மைல் கல்லுகிட்ட மட்டும்தான் இன்னும் சொல்லல" என்று பாண்டி முணுமுணுத்தான். "காரியம் முடிஞ்ச மாதிரிதான்க்கா."

பஸ்ஸில் நல்ல கூட்டம். சின்னத்துரை உட்கார்ந்த சீட்டில் மட்டும் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண்கூட அதில் உட்காரவில்லை. ஷீலா போய் உட்கார்ந்தாள். அவன் ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டு இடம் விட்டான்.

"பக்கத்துல உக்காரலாமாங்க நீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஒரு குற்றவாளியிடமிருந்து வரக்கூடாத கேள்வி அது.

*

எஸ்.ஐ. ஜான்ராஜ் சொன்னபடியே சூளைக்குப் பின்னால் மறைந்து நின்றார். தோப்புக்குள் நிறுத்திய ஜீப்பில் சுப்பம்மாள். காலையிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். 'நீ சொல்ற கதை பலிக்கலைன்னா இவளோட நேரா ஸ்டேசனுக்குப் போயிருவேன்' என்று ஷீலாவிடம் சொல்லியும் இருந்தார்.

பாண்டி எங்கிருந்தோ ஒரு கோழியைத் துரத்தி, ஒரு இறகும் கையில் இரண்டு கொத்தும் வாங்கிவந்து வேளாரிடம் கொடுத்தான். சின்னத்துரை சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். வேளார் அவன் முதுகில் கையை வைத்தார். காவி வரிவரியாக இறங்கியது. வளையங்களைச் சுற்றிச் சிவப்புச் சிங்கம் எழும்பியது. காற்று சூளைச் சாம்பலைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"ஆச்சுப்பா" என்றார் வேளார்.

சின்னத்துரை எழுந்தான். சட்டையைத் தோளில் போட்டான். வேளாருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும் அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சின்னத்துரை திரும்பினான். வாயைத் திறக்காமல் நடந்தான்.

சூளையைத் தாண்டினான். வேப்பமரத்தைத் தாண்டினான். ஜான்ராஜ் வெளியே வந்து ஷீலாவை ஒரு பார்வை பார்த்தார். "முடிஞ்சுதா? நான் ஜீப்பை எடுக்கட்டுமா?"

"போச்சுக்கா" என்றான் பாண்டி. "ஆட்டுக்கிட்டச் சொன்னவன் ஆளுகிட்டச் சொல்லலையே."

ஷீலா சிலிர்த்து நின்றாள். அவன் சொன்னதைத்தான் அவளும் அந்த நொடியில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத்துரை!" என்று கூப்பிட்டாள். "சொல்லிக்காமப் போறீங்களே?"

அவன் நின்றான்.

"வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பதில் பேசாத பொம்பளைகிட்டச் சொன்னீங்க. ஆட்டுக்குட்டிகிட்டச் சொன்னீங்க. முதுகைத் தொட்டு எழுதின பெரியவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை இல்லையா?"

"இங்க..." என்றான். "இங்க சொல்லக்கூடாதுல்லங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"ஆமா, சொல்லக்கூடாது" என்றாள் ஷீலா. "யார் சொன்னாங்க உங்களுக்கு? நான் சொல்லல. பாண்டி சொல்லல. காலையில 'அக்கின்னா என்ன'ன்னு கேட்டவர் நீங்க."

சின்னத்துரை வேளாரைப் பார்த்தான். வேளாரின் வெள்ளைக் கண்கள் அவன் நின்ற திசையில் இருந்தன.

"நான்தான் சொன்னேன்" என்றார் வேளார். "மாசியில. ஏசிவிட்டேன்."

ஜான்ராஜின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

சின்னத்துரை ஓடவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். முதுகில் காவி இன்னும் ஈரமாக இருந்தது.

"அண்ணனைப் பாக்கணும்னுதான் வந்தேன். வாசல்லயே நிறுத்திட்டாரு. பெருவியாதின்னாரு. செம்புல தண்ணியைக் கொண்டாந்து தூரமா வச்சாரு. நரிக்குடியில போயி எழுதிட்டு வா, அப்புறம் பாப்போம்னாரு. எழுதிக்கிட்டு நேரா அவருகிட்டதான் போனேன். கெணத்தடியில நின்னாரு. வெயிலு. ஒரு வாளி எறைச்சேன். 'என் கெணத்துல உன் சீக்கா'ன்னு கயித்தை அறுக்க அருவாளை எடுத்தாரு. கையைப் பிடிச்சேன். தொட்டுட்டேன்ல... உதறுனாரு பாருங்க. தேளு விழுந்த மாதிரி. அந்த உதறல்ல பின்னால போயி, கல்லுல மண்டை அடிச்சு, உள்ள விழுந்துட்டாரு."

"நீ தள்ளல?" என்றார் ஜான்ராஜ்.

"தள்ளல சார்." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும். கடல்ல வளந்தவன். குதிச்சிருக்கலாம். பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கே பஸ் ஏறி, கப்பல் ஏறித் திரும்பிப் போயிட்டேன். தந்தி வந்தபிறகு, இப்பத்தான் வாரவன் மாதிரி வந்தேன்."

ஜீப்பிலிருந்து சுப்பம்மாள் இறங்கி வந்திருந்தாள். தலைப்பு நழுவி, கையில் இருந்த வளையங்கள் வெயிலில் தெரிந்தன. அவன் முதுகில் இருந்த அதே வளையங்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

"கெணத்துல விழுந்தவரை விடு" என்றாள். குரல் உயரவில்லை. "எம் புருசன் ஜெயில்ல கெடந்தாரே. அதையும் பாத்துக்கிட்டேதான நின்னே?"

அவன் தலை நிமிரவில்லை.

"வீரணனை வெளியே விட நானே எழுதித் தாரேன். நாளைக்கே மேஜிஸ்ட்ரேட்டைப் பாத்துருவோம்" என்றார் ஜான்ராஜ். சுப்பம்மாள் அந்த இடத்திலேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டாள்.

விலங்கை எடுத்த ஜான்ராஜ் அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போய், நின்று, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சுற்றிக்கொண்டு பிடித்தார். சின்னத்துரைக்கு அது புதிதில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு ஏம்ப்பா அந்தச் சொல்லைச் சொன்னே?" என்று கேட்டார் வேளார்.

"கப்பலை விட்டு எறங்குனதுலருந்து என்னையத் தொட்டது நீங்க ஒருத்தருதான். எப்படிச் சொல்லிக்காமப் போவேன்?"

ஜான்ராஜ் அவனை நடத்திக்கொண்டு போனார். வேளாரைக் கடக்கும்போது அவன் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஏச்சு வாங்கியவன் மறுபடி தப்புச் செய்யவில்லை.

பாண்டி ஏதாவது சொல்வான் என்று ஷீலா பார்த்தாள். அவன் தன் கையில் கோழி கொத்திய காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. வேளார் காவிச் சிரட்டையைக் கீழே வைத்தார். எழுந்து, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அக்கி எழுதும் இடத்திலும் யாரும் சொல்லாத, விலங்கோடு போகிறவனிடமும் யாரும் சொல்லாத அந்தச் சொல்லைச் சத்தமாகவே சொன்னார்.

"போயிட்டு வாப்பா."